பழைய கிளைடரின் ஏர் பிரேக் லீவர் பூட்டும்போது இறுகுகிறது, கிரீஸ் வைத்தால் போதுமா?

போதாது. அதோடு, அந்த இறுக்கம் முழுவதும் கோளாறு என்றும் சொல்லிவிட முடியாது.

கேட்டவர் பழைய மரச்சிறகு கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஒன்றில் பங்கு வாங்கியிருக்கிறார். ஏர் பிரேக் என்பது இறங்கும்போது சிறகிலிருந்து எழுப்பும் தகடு. அதைத் திறப்பதும் பூட்டுவதும் பைலட் பக்கத்தில் இருக்கும் நீல லீவர். நீல லீவரைக் கடைசியில் முன்னால் தள்ளிப் பூட்டுவதற்குள் தோள் வலிக்கிறதாம். கிளப்பில் ஒருவர் "கிரீஸ் வை, சரிவராவிட்டால் ராடைக் கொஞ்சம் திருகித் தளர்த்து" என்றாராம். ராட் என்பது லீவரின் அசைவைத் தகட்டுக்குக் கொண்டுபோகும் கம்பி. கிரீஸோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். அந்த இரண்டாவது யோசனைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். "சிங்கப்பூரில் கிளைடர் எங்கே பறக்கிறது, இவர் கதை விடுகிறார்" என்று எழுதுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். இங்கே பறக்கவில்லை, ஐயா. நான் சிலேத்தாரில் விமானப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து வாங்கிய கே 13 என்ற மாடல் கிளைடர், ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. நம் தீவு வடக்கு தெற்காக 27 கிலோமீட்டர் வரும். அந்தக் கிளைடர் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்தே ஏறக்குறைய அவ்வளவு தூரம் சறுக்கிவிடும். இங்கே பறந்தால் ஜோகூரில் இறங்கிப் பாஸ்போர்ட் காட்ட வேண்டியதுதான். இன்னொன்று, ஜெட் விமானத்தில் கை வைக்க எனக்கு இருக்கும் தகுதி கிளைடருக்குச் செல்லாது. அங்கே கிளைடிங் சம்மேளனம் அங்கீகரித்த இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அவர் கண் முன்னால் ஸ்பேனர் பிடிப்பவன், அவ்வளவுதான். நீங்களும் இதைப் படித்துவிட்டு நேராகப் போய்க் கழற்ற வேண்டாம்.

சரி, அந்தக் கடைசி இறுக்கம் ஏன்? பறக்கும்போது சிறகின் மேல்பக்கம் காற்றழுத்தம் குறைவு. பிரேக் தகட்டை அது மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தகடு தானாக எழாமல் பிடித்திருப்பது ஓவர் சென்டர் பூட்டு. புளோக்கின் கீழ்த்தளத்தில் விசேஷத்துக்குப் போடும் மடக்கு மேசையின் கால் கம்பியைப் பாருங்கள். நேராக வந்து, இன்னும் துளி தாண்டி, 'டக்' என்று உட்காரும். அப்புறம் மேலே எவ்வளவு பாரம் வைத்தாலும் மடங்காது. இதுவும் அப்படித்தான். நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டால், தகட்டைக் காற்று உறிஞ்ச உறிஞ்சப் பூட்டு இன்னும் இறுகும். தாண்டாமல் நின்றால் அதே உறிஞ்சல் திறந்துவிடும். ராடைத் தளர்த்தி லீவரை லேசாக்குவது என்றால் அந்தத் துளித் தாண்டலை எடுத்துவிடுவது என்று அர்த்தம்.

எங்கள் கே 13-இல் அதைத்தான் யாரோ செய்து வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. லாக்புக்கிலும் ஒரு வரி இல்லை. வருடாந்திரச் சோதனை முடித்துச் சிறகுகளைத் திரும்ப மாட்டினோம். லீவர் அவ்வளவு லேசு. குழுவில் ஈப்போக்காரர் ஒருவர், பெர்த்தில் குடியேறியவர், உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறார்: "அண்ணே, ரெண்டு விரல் போதும், பாருங்க! போன வருசம் நான் பட்ட பாடு என்ன!" கிளப்பின் மூத்த பெரியவர் ஒருவரும் லீவரை ஆட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். நான் மட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் பறக்க அவசரம். "சிங்கப்பூர்க்காரர் வந்துட்டாரு, இனி எல்லாத்துக்கும் ஃபார்ம்தான்" என்று ஈப்போக்காரர் முணுமுணுத்தது காதில் விழத்தான் செய்தது.

சிறகு உடலோடு சேரும் இடத்தில் வலது பக்க இணைப்பைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் பூட்டினோம். 'டக்' கேட்டது. பிறகு இடதைக் கழற்றிவிட்டு வலது மட்டும். லீவர் கடைசிவரை போனது, ஆனால் 'டக்' இல்லை. வெளியே நின்றவரிடம் வலது தகட்டின் மூடியை விரல் நுனியால் மெல்லத் தூக்கச் சொன்னேன். தகடு எழுந்தது. உள்ளே யாரும் தொடாமலே நீல லீவர் பின்னால் நகர்ந்து வந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இரண்டையும் சேர்த்து மாட்டியபோது இடது பூட்டே வலதையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தது. அதனால்தான் லீவரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தரையில் இது ஓடிவிடும். மேலே சிறகு வளையும், காற்று குலுக்கும், தேய்ந்த புஷ்ஷில் (இணைப்பு சுழலும் உள்வளையத்தில்) இருக்கும் ஆட்டம் எல்லாம் ஒரு பக்கமாகச் சேரும். இழுத்துச் செல்லும் விமானத்தின் பின்னால் ஏறும்போது பிரேக் திறந்துகொண்டால் அந்த விமானமும் ஏற முடியாமல் திணறும். அதன் பைலட் வால் சுக்கானை இடதும் வலதுமாக ஆட்டினால் 'உன் பிரேக்கைப் பார்' என்று அர்த்தம். அப்படி ஒரு சைகையே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்பெக்டரை வரவழைத்தோம். ராட் எண்டை, அதாவது ராடின் நுனியில் மரையில் திருகியிருக்கும் இணைப்பை, அரை அரைச் சுற்றாகத் திருப்பினோம், ஒவ்வொரு தடவையும் பூட்டிப் பார்த்தோம். அதன் சோதனைத் துளையில் மெல்லிய கம்பி நுழையக்கூடாது. நுழைந்தால் உள்ளே மரை போதவில்லை என்று பொருள். லீவரைத் திறக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அளந்தது முஸ்தபாவில் வாங்கிய பெட்டித் தராசில். சிரிக்காதீர்கள், கொக்கியை லீவரில் மாட்டி இழுத்தால் அது கிலோ காட்டும். இடது, வலது, இரண்டும் சேர்ந்து என்று மூன்றையும் குறித்து வைத்தோம். எத்தனை கிலோ வர வேண்டும் என்பதை உங்கள் கிளைடரின் கையேட்டில் பாருங்கள். இன்னொரு கிளைடரின் எண் உங்களுக்கு ஆகாது.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் முன்பின் தெரியாத கிழவர் என் பேச்சைக் கேட்டு இணைப்பைக் கழற்றினார். இங்கே நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவன் என்பதால் எனக்கு மேல்பயிற்சி வரிசையில் எப்போதும் கடைசி இடம்தான். டிப்ளோமாவோடு வந்த பையன்களுக்கு டார்க் ரெஞ்சை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தது நான். இரண்டு வருடம் கழித்து என் வேலையை மதிப்பிட்டு மார்க் போட்டது அவர்கள். பையன்கள் மேல் கோபமில்லை, நல்ல பிள்ளைகள். காகிதத்தைப் பார்த்துக் கையை எடைபோடுகிற அந்த முறை மேல்தான். விடுங்கள்.

உங்கள் லீவருக்கு வருகிறேன். இறுக்கம் கடைசி 'டக்'கில் மட்டும் இருந்தால் அது பூட்டு. கையேடு சொல்லும் அளவுக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். வழி நெடுகக் கரகரவென்று வந்தால் அது அழுக்கு, உராய்வு. மூடி உரசுகிறதா என்று பார்க்க ஒரு போர்டிங் பாஸை நீளவாக்கில் நறுக்கி, மூடிக்கும் சிறகுக்கும் நடுவே விட்டு ஓட்டிப் பாருங்கள். அந்தச் சீட்டு சிக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருக்கும். மரச்சிறகு ஈரம் குடித்து உப்பினாலும் அங்கேதான் உரசும். அதற்குப் பெயிண்டைச் சுரண்டினால் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிரேக் பெட்டியின் அடியில் வடிகால் துளை இருக்கும். எங்களுடையதில் வைக்கோலும் கோதுமை மணியும் எலிப்புழுக்கையும் சேர்ந்து அதை அடைத்திருந்தன. பெட்டிக்குள் மழைநீர் நின்றால் பசை விட்டுப்போகும், இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். அந்தச் செலவுக்கு முன்னால் மற்றதெல்லாம் சில்லறை.

கிரீஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகு, கையேடு சொன்ன இடத்தில், சொன்ன கிரீஸைக் கொஞ்சமாக வையுங்கள். வயல் புழுதி கலந்த பழைய கிரீஸ் மேல் புதியதை அப்பினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி புஷ் தேயும். பல கிளைடர்களில் லீவரைக் கடைசிவரை பின்னால் இழுத்தால் சக்கர பிரேக்கும் பிடிக்கும்படி அதன் கேபிளும் சேர்ந்திருக்கும். அது அதிகமாக இறுகியிருந்தால் தகடு முழுதாகத் திறக்காது. அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

எந்த மாடல், சிறகைக் கழற்றி மாட்டியதற்கு முன்பே இறுக்கம் இருந்ததா பிறகு வந்ததா, ஒவ்வொரு பக்கமும் தனியாக எப்படி என்று கீழே எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பார்க்கிறேன். அந்த ராடை மட்டும் அதுவரை யாரையும் தொட விடாதீர்கள்.