மின்சாரக் கார் மானியத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, ஒஸ்லோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மின்சாரக் கார் வாங்கினால் அரசாங்கம் எவ்வளவு தரும், படிவத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். படிவமே கிடையாது. குடும்பத் தேவைக்கு வாங்கும் மின்சாரக் காருக்கு நோர்வே அரசு கையில் காசு தருவதில்லை. வாங்க வேண்டிய வரியை வாங்காமல் விடுகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் ‘மொம்ஸ்’ என்று சொல்லும் 25 சதவீதப் பெறுமதி சேர் வரி 2001 முதல் மின்சாரக் காருக்கு அறவே இல்லாதிருந்தது. 2023இல் 5 இலட்சம் குரோனர் வரைக்கும்தான் விலக்கு என்றார்கள். 2026இல் அந்த வரம்பு 3 இலட்சமாக இறங்கியது. வரி சேராமல் 5 இலட்சம் வரும் காருக்கு, மிஞ்சும் 2 இலட்சத்துக்கு மட்டும் வரி: 50,000. அதே விலையில் பெட்ரோல் கார் என்றால் 1,25,000, பதிவு வரி வேறு. காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலையில் இந்த விலக்கு ஏற்கெனவே கழிந்திருக்கும். அதற்கு மேல் எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

வரம்பு ஜனவரியில் மாறுவதால், டிசம்பர் வந்தால் “இப்போதே கையெழுத்து வையுங்கள்” என்று விற்பனையாளர்கள் நெருக்குவார்கள். கையெழுத்திட்ட நாளை அரசு பார்ப்பதில்லை. கார் பதிவாகிக் கைக்கு வரும் நாள்தான் கணக்கு. 2022இல் நானும் அந்த அவசரத்தில் வாங்கினேன். கார் நேரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் வாடகைக்கு இருந்த குடியிருப்பில் சார்ஜ் செய்ய இடமில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் வேலை முடிந்து விரைவுச் சார்ஜரில் வரிசையில் நின்றேன். மைனஸ் 15 பாகைக் குளிரில் கேபிள் விறைத்துப்போய் வளையவே மறுக்கும். பற்றரி குளிர்ந்திருந்தால் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். பின்னிருக்கையில் மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுவாள். வரியில் மிச்சம் பிடித்ததை அவளுடைய மாலைப்பொழுதுகளால் கட்டினேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே இரவில் காரை எங்கே செருகுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ‘பொரெட்ஸ்லாக்’ என்னும் கூட்டுக் குடியிருப்பில் சொந்த வீடு வைத்திருப்பவருக்குச் சார்ஜர் பொருத்தக் கேட்கும் சட்ட உரிமை உண்டு. தக்க காரணமின்றி நிர்வாகம் மறுக்க முடியாது. நீங்கள் வாடகைக்காரர், வீட்டுக்காரர் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

மின்சாரக் காருக்குச் சுங்கச்சாவடியில் இலவசம் என்று உங்கள் உறவினர் சொன்னது பழைய கதை. இப்போது பெட்ரோல் காரின் கட்டணத்தில் 70 சதவீதம் வரை வாங்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் காராக மூன்று நான்கு ஆண்டு ஓடியதை வாங்குங்கள். 2024இல் இங்கு பதிவான புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பற்றரியின் நிலையைச் சோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். முதலில் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். கார் பார்க்கப் போகும் அன்று நானும் கூட வருகிறேன்.