குழந்தையின் கண்ணுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

எட்டாம் மாதத்தில் வந்த ‘மெட்ராஸ் ஐ’ வயிற்றிலிருக்கும் குழந்தையின் பார்வையைப் பறித்துவிடுமோ என்று குளச்சலிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில், என்னை நிறுத்தி மறுபடியும் படிக்கவைத்தது கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் எழுதியிருந்த செய்திதான். விடுமுறையில் வந்த கணவருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இருந்ததாகவும், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டதாகவும், உங்களுக்கும் சில வாரங்களாக மஞ்சளாக வெள்ளைப்படுவதாகவும், கர்ப்ப காலத்தில் அது சகஜம் என்று வீட்டில் சொல்லிவிட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கண் நோயை முதலில் முடித்துவிடுகிறேன். ‘மெட்ராஸ் ஐ’ வைரஸ் கருவைத் தொடுவதில்லை; ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவந்தால் போதும். அதனால் குழந்தை பார்வையின்றிப் பிறக்கும் என்று காணொளியில் யாரோ சொன்னதை மறந்துவிடுங்கள். ஆனால், கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்தை இன்றோடு நிறுத்திவிட்டு ஒரு கண் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியனுப்பிய அந்த மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. சிவப்பு சீக்கிரம் குறைவதால் குணமாவதுபோலத் தோன்றும். கண்ணில் இருப்பது ஹெர்பிஸ் வைரஸாக இருந்துவிட்டால் அதே சொட்டு கருவிழிப் புண்ணை வளர்த்துவிடும். கர்ப்பிணியா என்றுகூடக் கேட்காமல் மருந்தை எடுத்து நீட்டுவதையும், அதை நம்பி வாங்கி ஊற்றிக்கொள்வதையும் இத்தனை ஆண்டுகளாகக் கண்டித்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி, அந்தக் கடைசிப் பத்தி. பிறக்கும் குழந்தையின் கண்ணை உண்மையாகவே அழிக்கக்கூடிய தொற்று, தாயின் பிறப்புப் பாதையில் இருக்கும், உடலுறவால் தொற்றும் வெட்டை நோய் (கொனோரியா) கிருமியால் வருவது. பிரசவத்தின்போது குழந்தையின் முகம் அந்தப் பாதையைக் கடந்து வருகையில் கிருமி கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. பெண்களில் பலருக்கு இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும். ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலோடு தொடங்கும். அரைகுறையாக மாத்திரை சாப்பிட்டால் எரிச்சல் அடங்கிக் கிருமி மட்டும் உள்ளே தங்கிவிடலாம். உங்களுக்கு இருப்பது சாதாரண வெள்ளைப்படுதலாகவும் இருக்கலாம், அதற்கு வாய்ப்பு உண்டு. ஆனால் கணவரின் எரிச்சலையும் சேர்த்துப் பார்க்கும்போது, சோதிக்காமல் பிரசவம்வரை காத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன என்கிறீர்கள். அவை மேக நோயையும் (சிபிலிஸ்) எச்.ஐ.வி.யையும் தேடுபவை, வெட்டை நோயையோ, அதேபோல உடலுறவால் பரவிக் குழந்தையின் கண்ணையும் தாக்கும் கிளமிடியா என்ற தொற்றையோ காட்டித்தருபவை அல்ல.

ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே, பிறந்த குழந்தையின் கண்ணில் 2 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விடும் முறையை 1881-இல் வெளியிட்டார். அவரது மருத்துவமனையில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தையைத் தாக்கிவந்த இந்தக் கண் நோய் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இன்று அதைவிட நல்ல வழி நம் கையில் இருக்கிறது: பிரசவத்துக்கு முன்பே தாய்க்குச் சிகிச்சை கொடுத்துவிடலாம். அதற்கான ஊசியும் மாத்திரையும் கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடியவைதான்.

குழந்தை பிறந்தபின் நீங்கள் கவனிக்கவேண்டிய அறிகுறியைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் பிறந்து நான்கே நாளான ஒரு குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு இமைகளும் பலாச்சுளைபோல உப்பிக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பாட்டி ஈரத்துணியால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இமையிடுக்கில் மஞ்சள் சீழ் மறுபடியும் திரண்டு கன்னத்தில் வழிந்தது. இரண்டு நாள் தாய்ப்பால் விட்டுப் பார்த்தோம் என்றார்கள். அந்த இரண்டு நாளில் இடது கருவிழியில் புண் விழுந்துவிட்டது. பிழைத்த கண்ணில் வெண்தழும்பு இன்றும் இருக்கிறது. பிறந்த 2 முதல் 5 நாள்களுக்குள் இமை வீங்கி, துடைக்கத் துடைக்கச் சீழ் ஊறினால், அது நள்ளிரவாக இருந்தாலும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குழந்தை மருத்துவர் இருக்கும் வேறு மருத்துவமனைக்கோ உடனே கிளம்புங்கள். இந்தக் கிருமி ஓரிரு நாளில் கருவிழியைத் துளைத்துவிடக்கூடியது. இதற்கு ஊசிதான் மருந்து, சொட்டு மட்டும் போதாது. இமையை நீங்களே பிரித்துப் பார்க்கவேண்டாம், சீழ் உங்கள் கண்ணிலும் தெறிக்கும். கிளமிடியா சற்றுத் தாமதமாக, 5 முதல் 14 நாள்களுக்குள் தலைகாட்டும்; பின்னாளில் நுரையீரலையும் பிடிக்கக்கூடும் என்பதால் அதற்கு வாய்வழி மருந்தே கொடுக்கிறோம்.

பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும் வழக்கம் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் உண்டு. மருத்துவமும் அதே 28 நாள்களைத்தான் பச்சிளம் பருவம் என்கிறது. அதற்குள் கண் சிவந்து பீளை தள்ளினால் எதுவானாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, கண்மை எதுவும் கண்ணுக்குள் போகக்கூடாது. கண் வெள்ளையாகவே இருந்து நீர் மட்டும் வடிந்தால் பெரும்பாலும் அது கண்ணீர்க் குழாய் அடைப்பு. மூக்கோரம் நீவிவிடக் கற்றுத்தருவார்கள், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடும். வெள்ளைவிழியில் தெரியும் இரத்தத் திட்டு பிரசவ அழுத்தத்தால் வருவது, இரண்டு வாரத்தில் மறையும்.

நாளைக் காலையிலேயே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சென்று, வெள்ளைப்படுவதையும் கணவருக்கு இருந்த எரிச்சலையும் கூசாமல் சொல்லுங்கள். கணவரும் உடன்வந்து சோதித்துக்கொள்ளவேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்துக்கொண்டால் மற்றவரிடமிருந்து திரும்பவும் தொற்றிக்கொள்ளும். நோய் இருப்பது தெரிந்து, சிகிச்சை முடியும் முன்பே வலி கண்டுவிட்டால், பிரசவ அறையில் நுழைந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள். குழந்தையின் கண் தெளிவாக இருந்தாலும் பிறந்தவுடன் அதற்கு ஓர் ஊசி போட்டுவிடுவார்கள்.