உள்ளூர் நிகழ்ச்சிகள்: எங்கே தேடுவது, ஊருக்கு எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

ஏரி தூய்மைப் பணி, கிராம சபை, ஆமை நடை, கருத்துக் கேட்புக் கூட்டம் போன்றவற்றை இணையத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது, நாமே நடத்தினால் எப்படி ஆட்களை வரவைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் தன்னார்வலராக இருப்பது சென்னை, செங்கல்பட்டுப் பக்கம். அதனால் எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவைதான்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, வேலைக்காகப் புதிதாக இங்கே வந்திருக்கிறேன். யாரையும் தெரியாது. வார இறுதியில் ஏதாவது பொதுவேலையில் சேர ஆசை. தேடினால் டிக்கெட் வாங்கிப் போகும் நிகழ்ச்சிகள்தான் வருகின்றன.

பொதுவாக 'சென்னை நிகழ்ச்சிகள்' என்று தேடினால் விளம்பரம் கொடுக்கிறவர்கள்தான் முன்னால் வருவார்கள். இடத்தின் பெயரையும் வேலையின் பெயரையும் சேர்த்து, தமிழிலேயே தேடுங்கள்: 'சிட்லபாக்கம் ஏரி தூய்மை', 'பள்ளிக்கரணை பறவை நோக்கல்' என்கிற மாதிரி. கூகுளோடு நிறுத்தாமல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் தேடல் பெட்டிகளிலும் போட்டுப் பாருங்கள். கிடைப்பது போன வருடத்துப் பதிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். அதை யார் போட்டார்கள், கருத்துப் பகுதியில் யார் விவரம் சொல்கிறார்கள் என்று பார்த்து அவர்களைப் பின்தொடர்ந்தால், அடுத்த நிகழ்ச்சி தானாக உங்கள் கண்ணில் படும்.

பருவத்தையும் கவனியுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் பறவைகளைப் பார்த்து, பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் (eBird) தளத்தில் பதிவேற்றினால் போதும், மொட்டை மாடியே போதுமான இடம். ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். 1988 முதல் இயங்கும் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து, முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைப்பதற்காகச் சேகரிக்கிறார்கள். ஆமை நடை என்பது இதுதான். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். தனியாக வருகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம். இரவு முழுக்கச் சேர்ந்து நடந்தால் பேச்சுத் துணை கிடைக்காமல் போகாது.

திருப்போரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து: கிராம சபை முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தகவலே வருகிறது.

தேதியை யாரும் சொல்லக் காத்திருக்க வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் முன்பே தெரிந்தவை. இப்போதே கைபேசி நாட்காட்டியில் 'ஆண்டுதோறும்' என்று குறித்து வைத்துவிடுங்கள். இடமும் நேரமும் பேசப்போகும் பொருளும் மாறும்; சில முறை தேதியே தள்ளிப் போனதும் உண்டு. ஒரு வாரம் முன்பு ஊராட்சிச் செயலாளரிடம் கேட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவில், படமாக இல்லாமல், தட்டச்சு செய்தே போடுங்கள். 'நம் தெருக் குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்கப் போகிறோம்' என்று ஒரு வரி சேர்த்தால், பொதுவாக 'அனைவரும் வருக' என்பதைவிடக் கூடுதலாக ஆட்கள் வருவார்கள். நகரத்தில் இருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடம், கிராம சபை மாதிரி வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் ஏரியா சபை எப்போது என்று கேளுங்கள்.

எண்ணூரிலிருந்து: கருத்துக் கேட்புக் கூட்டங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. துறைமுகம், ஆலை போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் அந்தப் பகுதி மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் இது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாட்களுக்கு முன் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்; தலைமை மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி. உங்கள் குழுவில் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தைத் திறந்து பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். அதைப் பிடிஎஃப் ஆக அப்படியே அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். எந்த ஊர், எவ்வளவு நிலம், எதற்குப் பாதிப்பு என்று நான்கு வரியில் எழுதி, கோப்பைக் கீழே இணையுங்கள். வர முடியாதவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தேதியை மறுபடி உறுதி செய்வது முக்கியம். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்டது உங்களுக்கே தெரியும். கடலுக்குப் போகாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை வீணாக அலைய விடக் கூடாது.

மதுரையிலிருந்து: கண்மாய்ப் பணிக்கு அழகாகப் போஸ்டர் வடிவமைத்துப் போட்டோம். விருப்பக்குறி நிறைய விழுந்தது, ஆட்கள் வரவில்லை. என்ன தப்பு?

நீங்கள் இணைத்திருந்த போஸ்டரைப் பார்த்தேன். படம் அருமை. ஆனால் அமைப்பின் பெயரும் முழக்கமும் பெரிதாக இருக்கின்றன, இடமும் நேரமும் மூலையில் சின்னதாக இருக்கின்றன. உங்கள் குழுவினருக்கு அந்தக் கண்மாய் தெரியும், எந்தக் கரையில் கூடுவோம் என்பதும் தெரியும். யாரையும் தெரியாமல், தனியாகப் பேருந்தில் வந்து இறங்கப்போகும் ஒருவருக்கு அதில் எதுவும் இல்லை. அறிவிப்பை அவருக்காக எழுதுங்கள்.

அவருக்கு என்னென்ன சந்தேகம் வரும்? எந்த நிறுத்தத்தில் இறங்குவது, அங்கிருந்து எவ்வளவு தூரம்? வந்ததும் யாரைப் பார்ப்பது? கையுறை தருவார்களா, நாமே கொண்டுவரணுமா? எத்தனை மணிக்கு விடுவார்கள்? சேற்றில் இறங்க வேண்டுமா, கரையில் நின்றும் வேலை செய்யலாமா? குழந்தையை அழைத்து வரலாமா? கட்டணம் உண்டா? கழிப்பறை எங்கே? பெண்கள் வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று பலர் சொல்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததும் ஒரு பெரிய காரணம். பக்கத்துப் பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ பேசி ஏற்பாடு செய்து, அதை அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று, விவரங்களைப் படத்துக்குள் மட்டும் அடைக்காதீர்கள். படத்தில் இருக்கும் எழுத்து தேடலில் சரியாக அகப்படாது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் என்ற உறுதியும் இல்லை. இடத்தின் பெயரை நகலெடுத்து மேப்பில் போடவும் சிரமம். அதனால் நாள், கிழமை, நேரம், இடம், மேப் இணைப்பு, தொடர்பு எண் எல்லாவற்றையும் படத்தின் கீழே எழுத்தாகவும் கொடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து: வாட்ஸ்அப் குழுவில் சேரப் பல பெண்கள் தயங்குகிறார்கள், மேடம்.

நியாயமான தயக்கம். குழுவில் சேர்ந்தால் முன்பின் தெரியாத எல்லோருக்கும் அவர்கள் எண் தெரிந்துவிடும். அறிவிப்புக்கு மட்டும் என்றால் வாட்ஸ்அப் சேனல் தொடங்குங்கள். பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. குழுவை வேலை பிரித்துக்கொள்ளும் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பதிவுப் படிவத்திலும் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். ஏரிக்கரையில் குப்பை பொறுக்க வருகிறவரின் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் நமக்கு எதற்கு? நிகழ்ச்சியில் எடுத்த படங்களை, முக்கியமாகக் குழந்தைகளின் படங்களை, கேட்காமல் போடவே கூடாது.

கோவையிலிருந்து: 2017-இல் மெரினாவில் சேர்ந்த மாதிரி ஒரு பதிவால் கூட்டம் சேருமா?

அந்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடை மீதான கோபம் ஏற்கெனவே மாநிலம் முழுக்க இருந்தது. அலங்காநல்லூரில் நடந்த கைதுகள் அதை மேலும் மூட்டின. வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் எங்கே கூடுவது என்ற செய்தியைத்தான் கொண்டு போயின. ஒரு குளத்துக்காக மாதாமாதம் நடக்கும் வேலைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. இருபது பேர் தொடர்ந்து வந்தால் அந்தக் குளத்துக்கு அது பெரிய பலம்.

பல்லாவரத்திலிருந்து: மனிதச் சங்கிலி நடத்த நினைக்கிறோம். முதலில் பதிவு போடலாமா, அனுமதி வாங்கலாமா?

அனுமதிதான் முதலில். 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் 41-ஆம் பிரிவின்படி, கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் குறைந்தது 5 நாட்களுக்கு முன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நான் சொல்வது, இரண்டு வாரம் முன்பே கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். மறுத்தால் மாற்று இடம் கேட்கவோ நீதிமன்றம் போகவோ நாள் இருக்கும். இடம் உறுதியாகும் முன் பரப்பிவிட்டால், பிறகு மாற்றிச் சொல்வது பெரும்பாடு. பழைய செய்தி சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு மாணவர்: ஃபேஸ்புக் இல்லாமல் நிகழ்ச்சிப் பக்கம் நடத்த முடியுமா?

முடியும். பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட மொபிலிசான் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உள்ளது. அமைப்பாளர் அனுமதித்தால், கணக்குத் தொடங்காமலே 'வருகிறேன்' என்று பதியலாம். ஆனால் உங்கள் ஊர் மக்கள் எதில் இருக்கிறார்களோ அங்கேயும் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து: போன வருடத்து அறிவிப்பு இப்போது மறுபடி சுற்றுகிறது. என்ன செய்ய?

வருடம் எழுதாததால் வந்த வினை. 'வரும் ஞாயிறு' என்று எழுதவே எழுதாதீர்கள். நாள், மாதம், வருடம், கிழமை நான்கும் வேண்டும். இப்போதைக்கு அதே படத்தின் மேல் 'முடிந்துவிட்டது' என்று பெரிதாக எழுதி, வந்த குழுக்களுக்கே திருப்பி அனுப்புங்கள்.

மறுபடியும் தாம்பரம், இன்னொருவர்: காலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டால்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள்: 'மழை என்றால் காலை 5.30-க்குள் இங்கே சொல்வோம்.' சொன்ன நேரத்தில் சொல்லுங்கள். ஒத்திவைத்தாலும் உங்களில் ஒருவர் குடையோடு அந்த இடத்துக்குப் போய் அரை மணி நேரமாவது நில்லுங்கள். செய்தியைப் பார்க்காமல் கிளம்பி வந்தவருக்கு அடுத்த தேதியைச் சொல்லி, அவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளலாம்.