ஜூமில் தையல் கற்றுக்கொடுக்க முடியுமா?

கேள்வி (2021): பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது அறுவைச் சிகிச்சைத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கொரோனா இரண்டாம் அலையில் விடுதியைக் காலி செய்துவிட்டதால் என் 60 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார், மங்களூர் என்று அவரவர் வீட்டில் இருக்கிறார்கள். தோலுக்குத் தையல் போடுவது பற்றி ஜூமில் நான்கு வகுப்புகள் எடுத்துவிட்டேன். எல்லோரும் புரிந்தது என்கிறார்கள். ஒருவரைச் செய்து காட்டச் சொன்னால் ஊசியைப் பிடிக்கவே தெரியவில்லை. கையால் பழக வேண்டியதை ஆன்லைனில் சொல்லித்தர முடியுமா? (அல்சூர் வாசகர்)

பதில்: முடியும் டாக்டர், ஓர் எல்லை வரைக்கும். உங்கள் நான்கு வகுப்புகளிலும் கேமரா உங்கள் கையைத்தான் பார்த்திருக்கிறது. அதனால்தான் அவை பலன் தரவில்லை. தையல் பார்த்து வருகிற வித்தை இல்லை. தப்பாகப் போட்டு, எங்கே தப்பியது என்று பக்கத்தில் இருப்பவர் அப்போதே சொல்ல, மறுபடி போட்டுத்தான் கை படியும். ஆகவே நேரலையில் பெரும்பாலான நேரமும் திரையில் மாணவரின் கை தெரியும்படி வகுப்பை மாற்றுங்கள். நீங்கள் செய்து காட்ட வேண்டியதை முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிவிடுங்கள்.

முதலில் அந்தப் பதிவு. போனை எதிரே வைத்து எடுத்தால் உங்கள் வலக்கை பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும். அதை மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்ப்பதிலேயே மாணவரின் பாதிக் கவனம் போய்விடும். போன் உங்கள் தோளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே இருந்து கீழே பார்க்க வேண்டும். அப்போது உங்கள் கண் பார்ப்பதையே அவர்களும் பார்ப்பார்கள். வளைகிற கழுத்துள்ள போன் ஸ்டாண்டு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கடை மூடியிருந்தால் வார்டில் இருக்கும் டிரிப் ஸ்டாண்டில் போனைக் கட்டிக்கொள்ளலாம். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். ஊசி நுழையும் இடத்தைத் திரையில் விரலால் சில நொடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும். அப்படிச் செய்யாவிட்டால் கை குறுக்கே வரும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும். விளக்கு இரண்டு பக்கமிருந்தும் வரட்டும். உச்சியில் ஒரே விளக்கு இருந்தால் உங்கள் கை நிழலே தையலை மறைக்கும். அடியில் ஓ.டி. (அறுவை அரங்கு) பச்சைத் துணி விரித்தால் கருவிகளின் பளபளப்பு அடங்கும். நூல் கறுப்பு சில்க்காக இருக்கட்டும். நீல நைலான் பச்சைத் துணியின் மேல் கண்ணுக்கே தெரியாது.

மொத்தத்தையும் ஒரே வீடியோவாக எடுக்காதீர்கள். ஊசியைப் பிடிப்பது, நுழைப்பது, வெளியே எடுப்பது, முதல் முடிச்சு, எதிர்முடிச்சு, வெட்டுவது என ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் ஆறு துண்டுகள் போதும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கி நூல் மறைந்துபோகும்; டாக்குமெண்டாக அனுப்புங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதே துண்டுகளை இடவலமாகத் திருப்பித் தனியாக அனுப்புங்கள். போனிலேயே அதற்கு வசதி உண்டு. இடக்கை மாணவர்கள் ஓ.டி.யில் வருடக்கணக்கில் வலக்கைக்காரரைப் பார்த்துத் தடுமாறுகிறார்கள். அவர்களுக்கு நேர்வகுப்பிலேயே கிடைக்காத உதவி இது.

பதிவில் அளவோடு பேசுங்கள். "கொஞ்சம் தள்ளி" என்றால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தூரம். ஊசியைக் கூர்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நீடில் ஹோல்டரின் (ஊசியைப் பிடிக்கும் இடுக்கி) நுனியால் பிடிக்க வேண்டும். நூல் சேரும் அடிப்பகுதியில் பிடித்தால் ஊசி வளைந்துவிடும். காயத்தின் ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி, தோலுக்குச் செங்குத்தாக நுழைய வேண்டும். எதிர்ப்பக்கமும் அதே 5 மி.மீ. தூரத்தில், அதே ஆழத்தில் வெளிவர வேண்டும். அடுத்த தையல் 5 முதல் 10 மி.மீ. தள்ளி. சில்க் என்றால் மூன்று முடிச்சு. நைலான் வழுக்கும், பாக்கெட்டில் சுருண்டிருந்த வடிவத்துக்கே திரும்பி அவிழப் பார்க்கும். அதற்கு நான்கோ ஐந்தோ வேண்டும்.

அடுத்து, மாணவர் வீட்டுக்குப் போக வேண்டிய பொட்டலம். 6 அங்குல நீடில் ஹோல்டர் ஒன்று, பல் வைத்த ஆட்சன் ஃபோர்செப்ஸ் (தோலைப் பிடிக்கும் சிறு இடுக்கி) ஒன்று, நூல் வெட்டும் கத்தரி ஒன்று, 3/8 வட்ட ரிவர்ஸ் கட்டிங் ஊசியோடு (தோலுக்கான வளைந்த ஊசி) 3-0 பருமன் சில்க் நூல் நான்கு பாக்கெட். விக்டோரியா மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில் எல்லாம் கிடைக்கும். நூலுக்குச் செலவழிக்கும் முன் உங்கள் ஓ.டி. ஸ்டோரைக் கேளுங்கள். காலாவதியான நூல் பாக்கெட்டுகள் அங்கே ஒதுங்கிக் கிடக்கும். அவற்றில் "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி அனுப்பலாம். கூடவே ஒரு முழம் சிவப்புக் கயிறும் ஒரு முழம் வெள்ளைக் கயிறும் வையுங்கள், ஷூ லேஸ் பருமனில். அது எதற்கென்று பிறகு சொல்கிறோம்.

எதன் மேல் தைப்பது? மனிதத் தோலுக்கு நெருக்கமானது பன்றிக் காலின் தோல்தான். ஆனால் அதை எல்லார் வீட்டுச் சமையலறைக்கும் கொண்டுபோகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கறி வாங்கும் வீடுகளில் தோலோடு கூடிய கோழித் தொடை போதும். சைவ வீடுகளில் பழைய யோகா மேட்டை ஓர் உள்ளங்கை அளவு வெட்டி, மேலே ரெக்ஸின் ஒட்டிக்கொள்ளலாம். இவற்றோடு எல்லாருக்கும் வாழைப்பழத் தோலையும் கட்டாயமாக்குங்கள். தடித்த தோலுள்ள ரொபஸ்டா நல்லது. இழுத்தால் கிழிவதால் அது கையை மென்மையாக்கும். இன்னொரு பயனும் உண்டு. ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்த இடமெல்லாம் மறுநாள் காலைக்குள் கறுத்துப்போகும். மாணவர் எத்தனை இடத்தில் தோலின் ஓரத்தை நசுக்கினார் என்பது புள்ளி புள்ளியாகத் தெரியும். தைத்தவுடன் ஒரு படம், மறுநாள் காலை ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள்.

நேரலைக்கு வருவோம். ஒரே சமயத்தில் ஓர் ஆசிரியரால் ஆறு கைகளைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். 60 பேர் என்றால் பத்துக் குழு, ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். தனியாகச் சமாளிக்க முடியாது. கோவிட் வார்டு ட்யூட்டி முடித்துத் தனிமையில் இருக்கும் பி.ஜி. (முதுநிலை) மாணவர்களில் உடல் நன்றாக இருந்து, விருப்பமும் உள்ளவர்களை மட்டும் கேளுங்கள். களைத்துக் கிடப்பவர்கள் மேல் இதையும் சுமத்த வேண்டாம்.

மாணவரின் போன் நிற்பதற்கு ஸ்டாண்டு தேவையில்லை. மேசையில் ஓர் அடி உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, கேமரா உள்ள முனை வெளியே நீட்டும்படி போனைப் படுக்கவைத்து, மறுமுனையின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் ஆயிற்று. அந்த நேரத்தில் அவருக்கு உங்கள் முகம் தெரியாது. குரல் கேட்டால் போதும்.

மருத்துவக் கல்வியில் பெய்டன் 1998-இல் எழுதிய நான்கு படி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். முதல் படியில் ஆசிரியர் பேசாமல் இயல்பான வேகத்தில் செய்கிறார். இரண்டாவதில் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்கிறார். இந்த இரண்டும் உங்கள் பதிவிலேயே முடிந்துவிடும். மூன்றாவதில் மாணவர் வாயால் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்கிறார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். ஆன்லைனில் மூன்றாவது படிதான் பொன். அதைத்தான் பலரும் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். மாணவர் சொன்னதை மட்டும் செய்யுங்கள், சொல்லாததைச் செய்யாதீர்கள். "ஊசியை உள்ளே விடுங்க சார்" என்று மட்டும் சொன்னால் மணிக்கட்டைத் திருப்பாமல் நேராகத் தள்ளிக் காட்டுங்கள். ஊசி பாதியில் நிற்கும், தோல் கூம்பும். "திருப்பணும் சார், மணிக்கட்டைத் திருப்பணும்" என்று அவரே பதறிச் சொல்வார். எதை விட்டார் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. மலையோரக் கிராமத்தில் சிக்னல் வந்து வந்து போகும் மாணவருக்கும் இந்தப் படி நடக்கும், குரல் மட்டும் போனாலும் போதும்; என்ன ஆகிறது என்று நீங்கள் வாயால் சொல்லிவிடலாம்.

நான்காவது படியில் நீங்கள் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது மணிக்கட்டு. ஊசி நுழையும்போது மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குப் புறங்கை தெரிய வேண்டும். ஊசி வெளிவரும்போது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கடைசிவரை புறங்கையே தெரிந்தால் அவர் வளைந்த ஊசியை நேராகத் தள்ளுகிறார் என்று பொருள். ஊசியை விரலால் தொடுகிறாரா என்றும் பாருங்கள். நிமிர்த்தி வைப்பதும் வெளியே வாங்குவதும் ஃபோர்செப்ஸால்தான். வீட்டில் இந்தப் பழக்கம் கெட்டால் கேஷுவல்ட்டியில் நோயாளியின் ரத்தம் பட்ட ஊசியிலும் விரல் தானாகப் போகும்.

அடுத்தது முடிச்சு. நீடில் ஹோல்டர் இரண்டு நூல் முனைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் கை எதிர்த்திசையில் போக வேண்டும். அதுதான் சதுர முடிச்சு. ஒரே திசையில் இரண்டு தடவை போனால் கிரானி முடிச்சு; இழுத்தால் நழுவும். கறுப்பு நூலில் இதைத் திரையில் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குத்தான் இரண்டு நிறக் கயிறு. இரண்டையும் ஒரு முனையில் சேர்த்துக் கட்டி நாற்காலிக் காலில் மாட்டி முடிச்சுப் போடச் சொல்லுங்கள். சதுர முடிச்சானால் சிவப்பின் இரண்டு கால்களும் வெள்ளை வளையத்துக்குள் ஜோடியாக நுழைந்து ஒரே பக்கம் வெளிவரும். கிரானியானால் ஜோடி பிரிந்து ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும், நுனிகள் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கும். மங்கலான படத்திலும் இது தப்பாது.

கேமராவுக்கு எட்டாதது ஆழம். மேலே பார்க்க அழகாக இருக்கும் தையல் உள்ளே தோலை மட்டும் மேலோட்டமாகப் பிடித்திருக்கலாம். அப்படிப் போட்டால் ஓரங்கள் உள்ளே மடங்கும், காயம் ஒழுங்காகக் கூடாது, அடியில் இடைவெளி விட்டு ரத்தம் தேங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆறு தையல் போட்ட பிறகு ஒரு தையலின் பக்கத்திலேயே காயத்துக்குக் குறுக்காகப் பிளேடால் வெட்டி, வெட்டு முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து. நூல் போன தடம் கீழே அகன்றும் மேலே குறுகியும் இருந்தால் ஓரங்கள் சற்று மேலெழும்பிச் சேரும், அதுதான் வேண்டும். ஊசி சாய்வாக நுழைந்திருந்தால் தடம் கிண்ணம் போல ஆழமில்லாமல் இருக்கும். இறுக்கத்தையும் அதே படத்தில் பார்க்கலாம். ஓரங்கள் தொட்டுக்கொண்டால் போதும். தோல் சுருங்கி மேடிட்டிருந்தால் உயிருள்ள தோலில் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கும்.

ஊசி வீட்டுக்குப் போகிறது என்பதை ஒரு கணமும் மறக்க வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொருவரும் தம் ஊசியைக் கேமராவில் காட்ட வேண்டும். முடியும்போது அதைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போடுவதையும் காட்ட வேண்டும். எண்ணிக்கை சரியாகும்வரை யாரும் வெளியேறக் கூடாது. அந்த டப்பா குப்பைக்குப் போகாது. கல்லூரி திறந்ததும் திரும்பி வந்து, 2016 உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி கூர்பொருட்களுக்கான வெள்ளைக் கொள்கலனில் சேர வேண்டும். குத்திக்கொண்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பொட்டலம் அனுப்பும் முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கறியை அன்றன்றைக்கு வாங்கி, மேசையில் பிளாஸ்டிக் விரித்துத் தைக்க வேண்டும். தைத்த கறியைச் சமைக்கவே கூடாது. ஒடிந்த ஊசி முனை உள்ளே இருக்கலாம்.

இப்போது அந்த எல்லை. கோழித் தோல் ரத்தம் கசியாது, வலியில் இழுத்துக்கொள்ளாது. மரப்பு ஊசி போடுவதையும், ஸ்டெரைல் துணிக்குள் கையை அடக்கி வைப்பதையும், பயந்துபோன நோயாளியிடம் பேசிக்கொண்டே தைப்பதையும் எந்தத் திரையும் கற்றுத்தராது. மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990-இல் வரைந்த பிரமிட்டில் அறிவது, எப்படி என்று அறிவது, செய்து காட்டுவது, உண்மையில் செய்வது என்று நான்கு தளங்கள். மாணவரின் கையைப் பார்க்கும் ஆன்லைன் வகுப்பு மூன்றாவது தளம் வரை கொண்டுவந்துவிடும், அதுவும் மாதிரியின் மேல்தான். 2019-இல் தொடங்கிய எம்.பி.பி.எஸ். திறன்சார் பாடத்திட்டத்தில் அடிப்படைத் தையல் மாணவர் தனியாகச் செய்ய வேண்டிய திறன். ஆகவே லாக் புக்கில் (மாணவரின் பயிற்சிப் பதிவேட்டில்) "மாதிரியில் ஆன்லைன் பயிற்சி முடித்தார்" என்று மட்டும் எழுதுங்கள். திறன் சான்றுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அழுத்தம் வந்தாலும்.

விடுதி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 20 நிமிடம் ஒதுக்கி, பன்றிக் காலில் உங்கள் கண்ணெதிரே மூன்று தையல் போடவையுங்கள். வீட்டிலிருந்து அனுப்பிய கடைசி வெட்டுமுகப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆழமும் முடிச்சும் தேறியவர்கள் கேஷுவல்ட்டியில் பி.ஜி. மேற்பார்வையில் சிறிய காயங்களுக்குப் போகலாம். மணிக்கட்டு இன்னும் திரும்பாதவர்களைத் திரும்ப யோகா மேட்டுக்கே அனுப்புங்கள்.