பாட்டி வீட்டுப் பொருள்களும் புது வீட்டுச் சுவர்களும்

கேள்வி: தேவகோட்டையில் இருந்த பாட்டி வீட்டைப் பாகம் பிரித்ததில் ஒரு பர்மா தேக்கு அலமாரி, ஊஞ்சல் பலகை, எனாமல் தூக்குகள், இரண்டு கண்டாங்கிச் சேலைகள், பழைய தெய்வப் படங்கள் ஆகியவை எனக்கு வந்துள்ளன. சென்னையில் எங்களுடையது இரண்டு படுக்கையறை கொண்ட சிறிய அடுக்குமாடி வீடு. எல்லாவற்றையும் வைத்தால் பழைய சாமான் கடை போலாகிவிடும் என்கிறார் கணவர். எதை எங்கே வைப்பது, சுவருக்கு என்ன வண்ணம் பூசுவது?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. வேலையின்றி வரிசையாக நிற்கும் பொருள்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடைச் சரக்கு போலத்தான் தோன்றும். எனவே ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் அன்றாட வேலை ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதவற்றை இப்போதைக்குப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

அலமாரிதான் உங்கள் கூடத்தின் தலைமைப் பொருள். அதில் புத்தகமோ துணியோ வைத்துப் புழங்குங்கள். புதிதாகத் தெரிய வேண்டும் என்று தச்சரிடம் கொடுத்து இழைத்துப் பளபளக்கும் பாலிஷ் போட்டுவிடாதீர்கள். பல தலைமுறைகளாகக் கைபட்டுக் கைபட்டு, பிடியைச் சுற்றிக் கருமை ஏறிய அந்த நிறம் ஒருமுறை போனால் திரும்ப வராது. கால்களுக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தாளில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்திட்ட பிறகே மற்ற மரச்சாமான்களோடு சேர்க்க வேண்டும். ஈரம் ஏறாமல் இருக்கச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள்.

வண்ணத்துக்கு உங்கள் பாட்டி வீட்டையே நினைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் வெண்மையாகப் பளபளக்கும். நிறமெல்லாம் காலடியில் ஆத்தங்குடிக் கற்களிலும், ஜன்னலுக்கு மேலுள்ள வண்ணக் கண்ணாடிகளிலும் இருக்கும். அந்த முறையே சிறிய வீட்டுக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் நீலம் கலந்த வெள்ளை வேண்டாம். தேக்கு அதன் அருகே மங்கித் தெரியும். லேசாக மஞ்சள் கலந்த வெள்ளையைப் பூசி, அலமாரிக்குப் பின்னால் உள்ள ஒரே ஒரு சுவருக்கு மட்டும் உங்கள் கண்டாங்கியில் உள்ள அரக்கையோ கடுகு மஞ்சளையோ எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுவருக்கும் பூசுவதற்கு முன் இரண்டடிச் சதுரத்தில் அடித்து, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்துவிடுவது நல்லது.

கண்டாங்கியின் பெரிய கட்டங்களையும் ஆத்தங்குடிக் கல்லின் பூவையும் சேர்க்கலாமா என்று தயங்க வேண்டாம். இரண்டு வடிவங்களில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்து, ஒரு நிறமாவது பொதுவாக இருந்தால் அவை ஒத்துப்போகும். இழை விட்டுப்போன சேலையைத் திண்டு உறையாகத் தைக்கலாம். நல்ல நிலையில் இருப்பதை வெட்டாமல் உடுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசையிருந்தால் பூஜை அறை வாசலோ பால்கனியோ போதும். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு வார்ப்பதால்தான் அதற்கு அந்த வழவழப்பு வருகிறது. ஆசிட் பட்டால் அது கெட்டுவிடும். துடைக்கும் நீரில் சில துளி தேங்காய் எண்ணெய் சேர்த்தால் போதும்.

ஊஞ்சலுக்காகக் கூரையில் கொக்கி அடிப்பதற்கு முன் கட்டடப் பொறியாளரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். அவர் மறுத்தால், பலகையில் புதிதாகத் துளையிடாமல் இரண்டு குட்டை முக்காலிகளின் மேல் வைத்துத் திண்ணை போல உட்காருங்கள். உட்புறம் சில்லு பெயர்ந்த எனாமல் தூக்கில் உணவு வைக்க வேண்டாம். அதனுள் ஒரு செடித்தொட்டியை இறக்கி வைக்கலாம்.

தெய்வப் படங்களுக்குப் புதுச் சட்டம் போடும்போது ஓரத்தை வெட்ட விடாதீர்கள். பழைய அச்சுப் படங்களில் அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அடி ஓரத்தில்தான் இருக்கும். 1894-இல் மும்பையில் ஓவியர் ரவி வர்மா தொடங்கிய அச்சகத்தின் படம் ஒன்று உங்களிடம் இருந்தாலும் இருக்கலாம். மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.