சமாதானமாகப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திருகோணமலை நிலாவெளியில் சின்ன வெங்காயம் செய்கிற குடும்பம் எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன் தண்ணீர் பம்பின் பைப்பை எல்லை தாண்டிப் போட்டதில் வந்த வாய்த்தர்க்கத்தில், பக்கத்துத் தோட்டக்காரர் என் தம்பியை மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். இடது முன்கை எலும்பு இரண்டும் முறிந்து தகடு வைத்தார்கள். வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் இருக்கிறது. பதினொரு தவணை போய்விட்டது, சாட்சி இன்னும் தொடங்கவில்லை. இப்போது ஒன்றரை லட்சம் தருகிறோம், சமாதானமாகப் போங்கள் என்று கோயில் தர்மகர்த்தா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தம்பிக்கும் அம்மாவுக்கும் சம்மதம். எனக்குத்தான் மனம் வரவில்லை. அடித்தவர் மறியலுக்கு, சிறைக்குப் போக வேண்டாமா? பொலிஸும் சட்டத்தரணிகளும் சேர்ந்துதான் இழுத்தடிக்கிறார்களா? காசை வாங்கினால் ஊர் எங்களைக் கோழை என்று சொல்லாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான் வாசித்த காலையில், பக்கத்து வீட்டு அண்ணன் எங்கள் விறாந்தையில் இருந்து பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஊர் என்ன சொல்லும் என்கிற கேள்வியைத் தூக்கி வேலிக்கு அப்பால் போடுங்கள். முறிந்தது உங்கள் கை இல்லை. மாரிக்குத் தகடு குளிர்ந்து விறைக்கிறது அவனுக்கு, தவணைக்குத் தவணை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவனும் அவன். அவன் போதும் என்கிறான், நீங்கள் அவன் கையை வைத்து உங்கள் வீரத்தை நிறுவப் பார்க்கிறீர்கள். கோபிக்காதீர்கள், அண்ணன்மாருக்கு வருகிற வியாதிதான் இது, எனக்கும் இருந்தது.

இழுத்தடிக்க யாரும் கூட்டுச் சேர வேண்டியதில்லை. கையைப் பார்த்த வைத்தியர் இடமாற்றத்தில் போயிருப்பார், முறைப்பாட்டை எழுதிய பொலிஸ்காரர் இன்னொரு மாவட்டத்தில் இருப்பார், எதிரி வந்தால் அவருடைய சட்டத்தரணி வேறு மன்றில் நிற்பார், எல்லோரும் வந்த அன்றைக்குப் பார்த்து வேறொரு பெரிய வழக்கு விளக்கம் நாளைத் தின்றுவிடும். பதினொரு தவணை இப்படித்தான் போகும்.

மறியல் பற்றிச் சுருக்கமாக. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 314ஆம் பிரிவு சாதாரணக் காயம், ஒரு வருடம் வரை. 316 கடுங்காயம், ஏழு வருடம் வரை. அந்த 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் தடவை குற்றம் செய்தவர், வயதும் போனவர் என்றால் இரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ விதித்து அதை ஒத்திவைத்துவிடலாம், அவர் மாலையே வீட்டுக்கு வந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பார். கூடவே காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஒரு பக்கம் மறியல், மறுபக்கம் காசு, நடுவில் உங்கள் மானம் என்று நீங்கள் போட்டிருக்கிற கணக்கு சட்டத்தில் கிடையாது.

சரி, இப்போது நான் உங்களை ஏசப்போகிறேன். மூன்று வருடக் கதையை எழுதியிருக்கிறீர்கள், தர்மகர்த்தாவின் வேட்டிக்கரை ஒன்றுதான் குறை. வழக்கு எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி இல்லை! சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தில் வைத்தியர் என்ன எழுதியிருக்கிறார் என்றும் இல்லை. முதல் நாள் பொலிஸில் தம்பி கொடுத்த வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது, கையெழுத்து வைக்க முன் அதை யாராவது அவனுக்கு வாசித்துச் சொன்னார்களா? குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும், விளங்காத மொழியில் இருந்தால் விளங்குகிற மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் கூட்டவும் விட வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து என்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டம், தம்பி. எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்குத் தமிழில் நடக்கிறது, ஆனால் அந்த வழக்கின் வேர் நமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு கொப்பியில் கிடக்கும், அதன் கீழே நம்முடைய கையெழுத்து இருக்கும்.

அடிதடி வழக்கு ஒன்று எங்கே தீர்கிறது என்று யாரைக் கேட்டாலும் நீதவான் மேசையைக் காட்டுவார்கள். அது அடி விழுந்த இரவிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடுகிறது, அரச ஆஸ்பத்திரிக்குப் போனானா, பொலிஸ் தந்த படிவம் கையில் இருந்ததா, வைத்தியர் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னானா என்பதில். அந்தப் படிவத்தில் வைத்தியர் காயத்தை வகைப்படுத்துவார், சாதாரணமா, கடுங்காயமா, உயிருக்கு ஆபத்தானதா என்று. எலும்பு முறிந்தால் கடுங்காயம். பல் உடைந்தாலும் கடுங்காயம்தான். 311ஆம் பிரிவு பல்லையும் எலும்போடு சேர்த்தே எண்ணுகிறது.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. 2012இல் அந்தப் பக்கத்து வீட்டு அண்ணனின் பல்லை உடைத்தவன் நான்.

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் அண்ணன் வலை காயப்போட்டிருந்தார். நான் புது மோட்டார் சைக்கிளை அதற்கு மேலால் விட்டேன், தெரிந்துதான் விட்டேன். அவர் ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்தார். கையில் ஹெல்மெட் இருந்தது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது, பக்கத்துப் பல் பாதியாக நின்றது. அவர் அந்தப் பல்லைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார், பிறகு வலையில் எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

ஆனி மாதம், கடல் நல்லாக இருந்த நேரம். ஆஸ்பத்திரியில் படுத்தால் தொழில் போகும் என்று ஒரு தனியார் மருந்தகத்தில் நோவுக்குக் குளிசை வாங்கிக்கொண்டு அடுத்த நாள் கடலுக்குப் போய்விட்டார். பொலிஸுக்குப் போனது ஒன்பதாம் நாள், அதுவும் மனைவி நெருக்கி. முகத்தில் அடித்தான் என்று எழுதினார்கள். வைத்தியரிடம் உதட்டைக் காட்டினார், வாயைத் திறந்து காட்ட அவருக்கு வெட்கம். உதட்டில் ஆறிய காயம், சாதாரணம் என்று படிவம் வந்தது. அதைப் பார்த்த என் சட்டத்தரணி, "பல்லைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் அந்த வழக்கில் செய்த மிகக் கேவலமான காரியம் அந்தச் சிரிப்பு. அடித்ததைக்கூட அதற்குப் பிறகுதான் வைப்பேன்.

314 என்றபடியால், இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போனது. எங்கள் பெரியவர்கள் இன்னும் இணக்கசபை என்றுதான் சொல்வார்கள், அது அதற்கு முந்திய பழைய சபையின் பெயர், இப்போது இருப்பது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனிக்கிழமை, ஒரு பாடசாலை வகுப்பறை. கரும்பலகையில் வெள்ளிக்கிழமை எழுதிய ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தோம். மூன்று மத்தியஸ்தர்கள். சட்டத்தரணிகளுக்கு அங்கே இடமில்லை, அது நல்ல விஷயம்தான். சபையை நான் குறை சொல்லவும் மாட்டேன், வந்தவர்கள் பொறுமையான மனுசர், சம்பளம் இல்லாமல் வந்து இருந்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த தாளில் உதடு மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அண்ணன் யோசித்துவிட்டு, "வலை கிழிஞ்சுபோச்சு ஐயா, வலைக்காசு" என்றார். பதினெண்ணாயிரம் ரூபா. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து கையெழுத்தும் வைத்தோம். கைகொடுக்கச் சொன்னார்கள். அவர் வலது கையைத் தந்தார், இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அது சமாதானமா? தாளில் ஆம். இரண்டு வருடம் கழித்து, பல் கட்டிவிடுகிறேன் என்று போய்க் கேட்டேன். "இப்ப பழகிப்போச்சு, விடு" என்றார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார், ஏன் என்று நான் கேட்கவில்லை. பாண் என்றால் தோய்த்துத்தான்.

உங்கள் கேள்வியை நடுவில் விட்டுவிட்டேன். தம்பிக்கு விருப்பம் என்றால் சமாதானமாகப் போகட்டும், அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் தர்மகர்த்தா முன்னிலையில் வீட்டுத் திண்ணையில் காசை எண்ணி வாங்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், நாளைக்கு வழக்கேட்டில் அவர் பெயர் இருக்காது. சட்டத்தரணி மூலம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள், கட்டணத்துக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். இரண்டு எலும்பும் முறிந்தது அதில் இருக்கிறதா, 316 என்று இருக்கிறதா, வெறும் 314 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை லட்சம் கூடவா குறையவா என்பது அதைப் பார்த்த பிறகு பேசுகிற பேச்சு. எதைப் பேசினாலும் திறந்த மன்றில் நீதவானுக்குச் சொல்லிப் பதிய வேண்டும், பிரிவைப் பொறுத்து அவர் விடுவார், அல்லது விடமாட்டார். முடிந்தால் அதற்கு முதல், தன் கைக்கு என்ன நடந்தது என்று தம்பி தன் வாயால் ஒருமுறை, அடித்தவர் கேட்கும்படி சொல்லட்டும். காசின் தொகையைவிட நான் இதைத்தான் கேட்பேன்.

அடுத்த தவணை எப்போது? நிலாவெளி பஸ்ஸில்தானே வருவீர்கள், திரும்பிப் போகும்போது உப்புவெளியில் இறங்குங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பிரதியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்போம். பின்னேரம் என்றால் அண்ணனும் இருப்பார்.