அடர் நடவு ஆலிவ் தோப்புக்கு எந்த ரகம் சரி?

நீங்கள் கேட்டது இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நீங்களும் மச்சானும் சேர்ந்து மேற்கு கேப் மாகாணத்து ரீபெக் காஸ்டீல் பக்கம் 5 ஹெக்டேர் வாங்கியிருக்கிறீர்கள், எந்திர அறுவடைக்கு ஏற்ற மாதிரி 4 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடைவெளியில் ஆலிவ் நடப் போகிறீர்கள், பிரான்டோயோ, கொராடினா என்ற இத்தாலிய ரகங்கள் நாற்றாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா?

அந்த இடைவெளிக்கு வாங்காதீர்கள். இரண்டுமே நல்ல எண்ணெய் தரும் ரகங்கள்தான், அதில் மச்சான் சொல்வது சரி. ஆனால் இரண்டுக்கும் வளர்ச்சி வேகம் அதிகம், 6 சதுர மீட்டருக்குள் அடங்காது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்து மா விவசாயக் குடும்பம். இப்போது அதே மாகாணத்தில் ராபர்ட்சன் அருகே ஒரு தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் இங்கே நட்டது அதே பிரான்டோயோ, கொஞ்சம் கொராடினா, அதே 4க்கு 1.5. மண் பிரீட் ஆற்றோர வண்டல், நல்ல ஆழம். மூன்றாம் வருஷம் வரிசை பார்க்கவே அழகாக இருந்தது. ஐந்தாம் வருஷம் மரம் எந்திரத்தைவிட உயரம். வெட்டினோம். வெட்டிய இடத்திலிருந்து நீர்க்கொப்பாக விறுவிறுவென்று கிளம்பியது, காய் இல்லை. மறுபடியும் வெட்டினோம், மறுபடியும் கொப்பு. கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிடுங்கினோம். நாற்றுக்கும் மூங்கில் குச்சிக்கும் போட்ட பணத்தில் பாதி மண்ணோடு போனது, அதைவிட எனக்கு வலித்தது நன்றாக வளர்ந்த மரத்தை வேரோடு சாய்த்ததுதான்.

ஊரில் மா அடர் நடவு பார்த்தவர்களுக்கு இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, நானும் அதில்தான் விழுந்தேன். மாவில் 3க்கு 2 மீட்டர் வைக்கிறோம், ஏக்கருக்கு 674 மரம். ஆலிவ் 4க்கு 1.5 என்றாலும் மரத்துக்கு அதே 6 சதுர மீட்டர்தான், ஹெக்டேர் கணக்கில் இரண்டுமே 1,667. அதனால் கவாத்தும் அதே மாதிரி என்று நினைத்தேன். மாவில் அறுவடை முடிந்த கையோடு வெட்டினால் புதுத் தளிர் வந்து, முற்றி, அடுத்த பருவத்திலேயே பூத்துவிடும். ஆலிவ் போன வருஷம் வளர்ந்த கொப்பில்தான் பூக்கும். குளிர்காலத்தில் நீங்கள் வெட்டித் தள்ளுவது வரப்போகும் பூவை. அதனால் அதிகம் வெட்டாமலே அளவுக்குள் நிற்கும் மரமாக நாற்றிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் வீரிய ரகம் என்றால் அது பாராட்டு, இங்கே அதற்கு நேர்மாறாகக் கேட்டு வாங்குங்கள்.

எந்திரம் வேலை செய்யும் விதத்தையும் மனதில் வையுங்கள். வரிசைக்கு இரண்டு பக்கமும் சக்கரம் வைத்து மரத்துக்கு மேலாகவே நகரும், நடுவில் இருக்கும் சுரங்கத்துக்குள் மரம் நுழைந்து வெளியே வரும். அதற்கு மரம் இரண்டரை, மிஞ்சினால் 3 மீட்டர் உயரம் இருக்கலாம், அகலம் ஒன்று ஒன்றரை மீட்டர். அதற்கு மேல் வளர்ந்தால் எந்திரம் கொப்பை முறிக்கும், கீழ்ப் பகுதி நிழலில் கிடந்து காய்ப்பை நிறுத்தும். உங்கள் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் நிறைய, ஏப்ரல் வாக்கில் அவர்கள் எந்திரம் சும்மா நிற்கும், வாடகைக்குக் கேட்கலாம். ஆனால் சுரங்கத்தின் உயரத்தை நீங்களே அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஆலிவுக்கு மாற்றி அமைக்காத எந்திரம் உதவாது.

சரி, எதை நடுவது?

இந்த முறை 1990களில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் தொடங்கியது. உலகம் முழுக்க அடர் நடவில் அதிகம் நிற்பது அர்பெகினா, அர்போசானா, கொரோனெய்கி என்ற மூன்று ரகங்கள். அர்பெகினா சீக்கிரம் காய்ப்புக்கு வரும், மூன்றாம் வருஷமே எந்திரம் ஓட்டலாம், குளிரையும் ஓரளவு தாங்கும். குறை எண்ணெயில் இருக்கிறது. மென்மையான சுவை, காரம் கசப்பு குறைவு, நாள்பட நிற்காது. வெயில் கடுமையான இடத்தில் ஆலிவ் எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலமான ஓலிக் அமிலமும் குறைந்துபோகும். அர்ஜென்டினாவின் வடமேற்கில் சர்வதேச ஆலிவ் கவுன்சில் வைத்த 55 சதவீதக் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழேயே இறங்கியிருக்கிறது. உங்கள் நிலம் இருக்கும் ஸ்வார்ட்லாந்து வட்டாரத்தின் கோடையை நினைத்தால் 5 ஹெக்டேரையும் அர்பெகினாவால் நிரப்ப எனக்கு மனம் வராது.

கொரோனெய்கி கிரேக்க ரகம். காய் பொடி, ஆனால் எண்ணெய் காரமாக, உறுதியாக, நீண்ட நாள் கெடாமல் இருக்கும். அர்பெகினா எண்ணெயோடு கலந்தால் இரண்டுமே உயரும். மூன்றில் வீரியம் கூடியது இதுதான், உறைபனியும் இதற்கு ஆகாது. அர்போசானா மூன்றிலும் அடக்கமான மரம், அர்பெகினாவுக்கு இரண்டு மூன்று வாரம் பின்னால் பழுக்கும், அதனால் எந்திரமும் ஆலையும் ஒரே வாரத்தில் நெருக்கடி ஆகாது. இதற்கும் கடுங்குளிர் பிடிக்காது.

உங்கள் நிலம் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: சரிவில், ஷேல் என்ற அடுக்குக் கல் சீக்கிரம் தட்டும் மெலிந்த மண்ணில் கொரோனெய்கி, ஏனென்றால் மண்ணே அதைக் கட்டுப்படுத்தும். மண் ஆழமான இடத்தில் அர்போசானா. பனி தேங்கும் தாழ்வில் அர்பெகினா. வரிசைக்கு வரிசை கலக்காமல் தனித்தனிப் பாத்தியாக நடுங்கள், பழுக்கும் நாள் வேறு. பக்கத்துப் பாத்தியிலிருந்து காற்றே மகரந்தம் கொண்டுவரும்.

மச்சானுக்கு இத்தாலிய வாசனை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. பிரான்டோயோ விதையிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்எஸ் 17 வீரியம் குறைந்தது. அர்போசானாவையும் லெச்சினோ என்ற இத்தாலிய ரகத்தையும் கலந்து எடுத்த லெச்சியானா இருக்கிறது. இத்தாலிய வழி இல்லாவிட்டாலும், பிக்குவால் என்ற ஸ்பானிய ரகமும் அர்பெகினாவும் சேர்ந்த சிகிடிடா அர்பெகினாவைவிடக் குட்டை. எது கிடைத்தாலும் முதலில் அரை ஹெக்டேர் மட்டும் நட்டுப் பாருங்கள். பிரான்டோயோவேதான் வேண்டும் என்றால் ஹெக்டேருக்கு 300 மரத்துக்கு மேல் போகாமல் அகல நடுங்கள், அப்போது அறுவடை வேறு முறை, அடிமரத்தைப் பிடித்து உலுக்கும் எந்திரம்.

அப்புறம் தண்ணீரும் தழைச்சத்தும். அடக்கமான ரகத்தையும் யூரியா போட்டு எந்திரத்தின் உயரத்தைத் தாண்ட வைக்க முடியும், ஆகவே முதல் இரண்டு வருஷத்துக்குப் பிறகு கையை இறுக்குங்கள்.

5 ஹெக்டேருக்கு 8,300 நாற்றுக்கு மேல் வரும். முன்பணம் கட்டும் முன் நான்கைந்து இடத்தில் ஒன்றரை மீட்டர் குழி வெட்டி, எத்தனை அடியில் கல் தட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள், எந்தப் பாத்தி எங்கே என்று சேர்ந்து பார்க்கலாம்.